கூட வாசிக்கும் பெட்டி: வாங்குமுன் ஒரு வார்த்தை



உங்கள் வீட்டில் கித்தார் வாசிக்கும் பிள்ளை இருக்கிறானா? இருந்தால், இன்றில்லாவிட்டால் நாளை அவன் உங்களிடம் ஒரு பொருளைக் கேட்பான். அதன் பெயர் லூப்பர் பெடல். கைப்பேசியை உங்கள் முகத்துக்கு நேராக நீட்டி, யாரோ ஒரு பையன் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு ஒரு வாத்தியக் குழுவே வாசிப்பதுபோல் வாசிப்பதைக் காட்டுவான். "அம்மா, இது இருந்தா நானும் இப்படி வாசிப்பேன்" என்பான். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். "கித்தாரும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், போய் வேலையைப் பார்" என்று சொல்லிவிடத் தோன்றும். அல்லது பிள்ளையின் முகம் வாடுவதைப் பொறுக்காமல் தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இசை மேதை அல்லள். பந்திங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கையில் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான். பயிற்சிக் காலத்தில் இசைக் கல்வியும் ஒரு பாடமாக இருந்ததால் கித்தாரில் நாலைந்து கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த நாலைந்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே நான் சொல்லப்போவது கச்சேரி வித்துவானின் பேச்சல்ல. காசை எண்ணிச் செலவு செய்யும் ஒரு குடும்பத்துப் பெண்ணின் பேச்சு.

என் தங்கையும் அவள் கணவரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அவர் குலை வெட்டுகிறார்; அவள் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். மூத்தவன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். சின்னவள் ஆறாம் படிவம் படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு மாலை தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒம் மகன் தொள்ளாயிரம் வெள்ளிக்கு ஏதோ பெட்டி கேக்குறான். கால்ல மிதிக்கிற பெட்டியாம். சின்னவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க எடுத்த சீட்டுப் பணம் இருக்கு. நீ படிச்சவ, நீயே சொல்லு. வாங்கிக் கொடுக்கவா, வேணாமா?"

தொள்ளாயிரம் வெள்ளி என்பது நமக்கு என்ன என்று கணக்குப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளாக வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. அப்படியானால் தொள்ளாயிரம் வெள்ளி, வெயிலிலும் மழையிலும் பதினான்கு நாள் நின்று உழைத்த கூலி. மறுபக்கம் சின்னவளின் படிப்பு. இதை 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியுமா? "ஒரு மாதம் பொறு. அதற்குள் நான் சொல்கிறேன்" என்றேன்.

முதலில் அவன் ஏன் கேட்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அவன் தோட்டத்தில் வளர்ந்தபோது நான்கு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. இவன் கித்தார், ஒருவன் கீபோர்ட், ஒருவன் தபேலா, ஒருவன் பாட்டு. கோயில் திருவிழா, பிறந்தநாள், காதுகுத்து என்று எங்கே அழைத்தாலும் போவார்கள். இன்று தபேலாக்காரன் சிங்கப்பூரில். கீபோர்ட்காரன் ஜொகூரில். பாடினவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறான். இவன் மட்டும் கிள்ளானில் நாலாவது மாடி வீடு ஒன்றில் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். கார்டு மட்டும் வாசித்தால் பாட்டு இல்லை. பாட்டின் மெட்டை மட்டும் வாசித்தால் அடியில் கார்டு இல்லை. கூட வாசிக்க ஆள் இல்லாததுதான் அவன் குறை.

நம்மவரின் பழைய கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் 'ஆலிகேட்ஸ்' குழுவில் பாடி மலேசியா முழுவதும் புகழ் பெற்றார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அவர்களுடைய மலாய்ப் பாடல்களை இன்றும் எல்லா இனத்தவரும் பாடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு குழு என்றால் ஐந்தாறு பேர் ஒன்றாக இருந்து, ஒன்றாகப் பழகி வளர்ந்தார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம், ஊர் விட்டு ஊர் என்று பிள்ளைகள் சிதறிவிட்ட இந்த நாளில் அப்படி ஐந்து பேரை ஒரே இடத்தில் சேர்ப்பது எளிதா? அந்த இடத்தைத்தான் இந்தப் பெட்டி ஓரளவு நிரப்புகிறது.

சரி, லூப்பர் என்பது என்ன? நம் தாளக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். ஆதி தாளத்தில் எட்டு எண்ணி முடித்தால் ஓர் ஆவர்த்தனம். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். லூப்பர் அந்த ஆவர்த்தனத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பெட்டி. கித்தாரிலிருந்து வரும் கம்பி அதற்குள் போகிறது. அதிலிருந்து இன்னொரு கம்பி ஸ்பீக்கருக்குப் போகிறது. காலால் ஒரு முறை மிதித்தால் வாசிப்பதைப் பதியத் தொடங்கும். சுற்று முடியும் இடத்தில் மறுபடி மிதித்தால், பதிந்ததை முதலிலிருந்து விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் முறை மிதித்தால், ஓடிக்கொண்டிருப்பதன்மேல் இன்னொன்றைப் பதியலாம். இப்படிக் கார்டு ஒரு அடுக்கு, அதன்மேல் தட்டல் ஒரு அடுக்கு, அதன்மேல் மெட்டு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் விடாமல் தொடர்வதுபோல, தான் எடுத்துக் கொடுத்ததைத் தானே தொடரச் செய்வதுதான் இதன் வித்தை.

இந்த யோசனை புதியது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால் 1940-களிலேயே, தாம் வாசித்த பதிவின்மேல் தாமே மறுபடி வாசித்து, ஒரு கித்தாரைப் பல கித்தாராக ஒலிக்கச் செய்தார். 1970-களில் இங்கிலாந்தின் ராபர்ட் ஃபிரிப் இரண்டு டேப் ரிக்கார்டர்களுக்கிடையே ஒரே நாடாவை ஓடவிட்டு அதே வேலையைச் செய்தார். 2001-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஆர்.சி.-20 என்ற மிதிபெட்டியைக் கொண்டுவந்தது. 2004-இல் ஸ்காட்லாந்துப் பாடகி கே.டி. டன்ஸ்டால் பி.பி.சி. தொலைக்காட்சியில் இத்தகைய மிதிபெட்டி ஒன்றோடு தனியாக நின்று பாடியது பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எட் ஷீரன் 2019-லும் 2024-லும் நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்குக்கு வந்து, லூப்பரை வைத்தே அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பாட வைத்தார். நம் பிள்ளைகளுக்கு இந்த ஆசை பிறந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் மிதிப்பது அவருக்கென்றே செய்த கருவி. நம் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை.

நான் மகனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். "ஒரு மாதம் கைப்பேசியை வைத்து வாசி. பிறகு பார்க்கலாம்" என்றேன். கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறதல்லவா? அதில் ஒரு பாட்டின் கார்டுகளை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் வாசித்துப் பதிந்து, பிறகு அதை ஓடவிட்டுக்கொண்டு மெட்டை வாசிக்க வேண்டும். ஒரு காசு செலவில்லை. லூப்பர் போலவே வேலை செய்யும் இலவசச் செயலிகளும் உண்டு. ஆனால் பல கைப்பேசிகளில் நாம் வாசிப்பது ஒரு கணம் தாமதித்துக் கேட்பதால் தாளம் இடறும். அதனால் வெறும் பதிவே போதும் என்றேன்.

மூன்றாம் நாளே அவன் போன் செய்தான். "பெரியம்மா, நான் போகப் போக வேகமா வாசிக்கிறேன். எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றான். நான் உள்ளூர மகிழ்ந்தேன். கூட வாசிக்கும் நண்பர்கள் நம் தாளப் பிழையை முகத்துக்காகச் சொல்லாமல் விடுவார்கள். பதிவு அப்படி விடாது. லூப்பரின் உண்மையான பயனும் இதுதான். மேடையில் பிறரை மயக்குவது பிறகு. வீட்டில் தன் தாளத்தைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வது முதலில். ஒரு மாதம் கைப்பேசியோடு பழகாத பிள்ளை, பெட்டி வாங்கிக் கொடுத்தாலும் இரண்டு வாரத்தில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். பழகிய பிள்ளைக்குத்தான் பெட்டி. இதை நீங்களும் ஒரு சோதனையாக வைத்துப் பாருங்கள்.

மாதம் முடிந்தது. அவன் ஒரு நாளும் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கிள்ளான் நிலையத்தில் கம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தோம். அங்கே ஆர்மோனியமும் மிருதங்கமும் விற்கும் ஒரு கடையில் நுழைந்தோம். கடைக்காரர் மின்னணுச் சுருதிப்பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே புல்லாங்குழல் வாசிப்பவர், 1970-களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய வகைக் கருவி அது. தம்பூரா மீட்ட ஆள் இல்லாத வீட்டில் அது தம்பூராவாக ஒலிக்கிறது. "தம்பி கேக்கிறது இதுக்குச் சொந்தக்காரப் பிள்ளை. இது ஒரே சுருதியைத்தான் தரும். அது நீங்க கொடுத்ததைத் திருப்பித் தரும். ஆனா அதை நாங்க விக்கிறதில்லை" என்று சொல்லி, நகரத்துக் கித்தார் கடைகளுக்கு வழி சொல்லி அனுப்பினார்.

நகரத்துக் கடையில் சீனத் தவுக்கே பொறுமையானவர். மகன் கேட்ட தொள்ளாயிரம் வெள்ளிப் பெட்டியையும், அதற்குக் கீழே உள்ளவற்றையும் வரிசையாக மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்க்க விட்டார். அன்று நாங்கள் பார்த்ததையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். விலைகள் மாறக்கூடியவை; ஏறத்தாழ என்று கொள்ளுங்கள்.

லூப்பர்களை மூன்று படியாகப் பிரிக்கலாம். முதல் படி, டோனர், மூயர் போன்ற சீன நிறுவனங்களின் சின்னஞ்சிறு பெட்டிகள். உள்ளங்கையில் அடங்கும், ஒரே மிதி, 150 முதல் 250 வெள்ளி. இரண்டாம் படி, பாஸ் ஆர்.சி.-1, டி.சி. எலக்ட்ரானிக் டிட்டோ போன்றவை. 400 முதல் 600 வெள்ளி. மூன்றாம் படி, மகன் கேட்ட பாஸ் ஆர்.சி.-5 போன்றவை, அதில் சிறு திரை உண்டு, 99 பதிவுகளைச் சேமிக்கலாம், 57 வகைத் தாளங்கள் உள்ளேயே இருக்கின்றன. இதற்கும் மேலே ஆயிரக்கணக்கில் போகும் பெட்டிகள் உண்டு. அவை மேடைக்காரர்களுக்கு, நாம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

கடைகளில் முதலில் சொல்லப்படுவது, எவ்வளவு நேரம் பதியும் என்பது. டிட்டோவில் 5 நிமிடம், ஆர்.சி.-1-இல் 12 நிமிடம், ஆர்.சி.-5-இல் 13 மணி நேரம். கேட்டவுடன் பதின்மூன்று மணி நேரம்தான் சிறந்தது என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு பாட்டின் பல்லவிக்கு எட்டுச் சுற்று, சுற்றுக்கு நான்கு தட்டு என்றால் மொத்தம் 32 தட்டு. நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் அதை வாசிக்க ஆவது 24 விநாடி. அதாவது 5 நிமிடத்தில் அப்படிப்பட்ட பன்னிரண்டு பல்லவி அடங்கும்! வீட்டில் பழகும் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு பல்லவி போதாதா? பத்துப்படி அரிசி கொள்ளும் பானையில் ஒருபடி சோறு வடிப்பதற்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்?

அடுத்தது, சேமித்து வைக்கும் வசதி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பே பதிந்து வைத்து, கல்யாண வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப் போகிறவனுக்கு அது வேண்டும். பழகுகிறவனுக்கு வேண்டாம். உண்மையில் தினமும் புதிதாகப் பதிவதே நல்ல பயிற்சி. உள்ளே இருக்கும் தாளங்களும் அப்படியே. அவை பெரும்பாலும் மேல்நாட்டு டிரம் தாளங்கள். நம் தபேலா நடையும் உறுமி நடையும் அவற்றில் கிடைப்பது அரிது. கித்தாரின் மரத்தில் விரலால் தட்டி அதையே முதல் அடுக்காகப் பதிந்தால், நமக்கு வேண்டிய நடை நமக்கே கிடைக்கும். கித்தார் கம்பி வழியே அந்தத் தட்டல் கேட்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை விட்டுக்கொடுக்கக் கூடாது? கடைசியாகப் பதிந்த அடுக்கை மட்டும் நீக்கும் வசதி. அது இல்லாவிட்டால், மூன்றாம் அடுக்கில் ஒரு விரல் தவறினாலும் முதலிரண்டையும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். மலிவான பெட்டிகளிலும் இது பெரும்பாலும் உண்டு. இருந்தாலும் கடையிலேயே செய்து பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, மிதியின் தன்மை. ஒரே மிதி உள்ள பெட்டிகளில் நிறுத்துவதற்கு 'டக் டக்' என்று இரண்டு முறை விரைந்து மிதிக்க வேண்டும். முதல் மிதியிலேயே அது மேல்பதிவுக்குப் போய், பாட்டின் முடிவில் ஏதாவது கலந்துவிடுவதுண்டு. இரண்டு மிதி உள்ள பெட்டியில் நிறுத்த ஒரு மிதி தனியாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆர்.சி.-1-க்குத் தனியாக இன்னொரு மிதியை வாங்கி இணைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் பழகும் பிள்ளைக்கு ஒற்றை மிதி போதும். நாலு நாளில் கால் பழகிவிடும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். இங்கேதான் நம் குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன.

நம் பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் மரக் கித்தார். 'கப்போக்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்த வகை. அதில் கம்பி செருகத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லூப்பர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்குள் ஒலி போகாது. கித்தாரின் வாய்ப்பகுதியில் மாட்டும் அல்லது உடலில் ஒட்டும் 'பிக்கப்' ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஒலி வெளியே வர ஸ்பீக்கர் வேண்டும். லூப்பர் தானாக ஒலி எழுப்பாது. பெரும்பாலான சிறு பெட்டிகளில் காதில் மாட்டிக் கேட்கும் துளையும் கிடையாது. ஒன்றுக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். பாடுகிற குரலையும் பதிய ஆசைப்பட்டால் மைக் செருகும் துளையுள்ள லூப்பர்தான் வேண்டும். அதன் விலை வேறு. கித்தார் லூப்பரில் மைக்கை நேராகச் செருக முடியாது. இதெல்லாம் தெரியாமல் பெட்டியை மட்டும் வாங்கி வந்த வீட்டில் அது பொம்மையாகத்தான் கிடக்கும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. அடாப்டர் பல பெட்டிகளுடன் வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும். வீட்டில் பழைய கீபோர்டின் அடாப்டர் இருக்கிறது, முனையும் பொருந்துகிறது என்று அதை எடுத்துச் செருகிவிடாதீர்கள்! கீபோர்டுகளின் அடாப்டர் பல 12 வோல்ட். முனையின் நடுவில் நேர்மின், வெளியே எதிர்மின். கித்தார் மிதிபெட்டிகளுக்கோ நடுவில் எதிர்மின் வேண்டும். மாற்றிச் செருகினால் பெட்டி ஒரு நொடியில் கெட்டுப்போகலாம். அடாப்டரின் மேல் ஒரு சிறு படம் இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி வளைவு, இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள். நடுப்புள்ளிக்குப் போகும் கோட்டில் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 'மில்லி ஆம்பியர்' என்ற எண். பெட்டிக்கு 100 வேண்டுமென்றால் அடாப்டரில் 100 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் கேடில்லை. குறைவாக இருந்தால் இரைச்சல் கேட்கும், பெட்டி நின்றுவிடும். ஆர்.சி.-1 போன்ற சிலவற்றில் சதுர பேட்டரியும் போடலாம். ஆனால் லூப்பர் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் அடாப்டர் வாங்கிவிடலாம்.

கித்தாருக்கு வேறு ஒலிகளும் வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜூம் ஜி-1 ஃபோர் போன்ற பல்லொலிப் பெட்டிகளில் பலவகை ஒலிகளோடு 30 விநாடி லூப்பரும் சேர்ந்தே வருகிறது. காதில் மாட்டிக் கேட்கும் துளையும் இருக்கிறது. நாம் போட்ட 24 விநாடிக் கணக்கு அதில் அடங்கிவிடும். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுக்காமல் அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் பழக இது மிக வசதி. ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் இதுவே சிக்கனமாகவும் முடியும்.

பழைய பெட்டி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆசையில் வாங்கிச் சில மாதத்தில் விற்றுவிடுகிறவர்கள் பலர். இணைய விளம்பரங்களில் இப்படிப்பட்டவை வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் பணத்தை முன்கூட்டியே அனுப்பாதீர்கள். நேரில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பார்த்து, கித்தாரைச் செருகி வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெட்டி பணிகிறதா? கம்பியை லேசாக அசைத்தால் 'கர கர' என்கிறதா? பதிந்தது திரும்பும்போது முதல் ஒலியைப் போலவே கேட்கிறதா? எதையும் பதியாதபோது கித்தாரின் ஒலி மங்காமல் வருகிறதா? இந்த நாலையும் பார்த்தால் போதும். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று கைப்பேசியில் வரும் தவணை வலைக்குள் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். மாதம் நாற்பது வெள்ளி என்று சிறியதாகத்தான் தெரியும். அது போன்ற நாலு நாற்பது சேர்ந்தால் இரண்டரை நாள் கூலி போய்விடும்.

கடையில் நின்று மகன் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தான். தொள்ளாயிரம் வெள்ளிப் பெட்டியிலும் அவன் வாசித்தது அதே நாலு கார்டு. சின்னப் பெட்டியிலும் அதே நாலு கார்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. அவனிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் இப்போதைக்குத் தெரியல, பெரியம்மா. தங்கச்சி படிப்புப் பணத்தைத் தொடவேணாம்" என்றான். பிள்ளைகளிடம் 'இல்லை' என்று சொல்வதைவிட, கணக்கைத் திறந்து காட்டினால் அவர்களே சரியான முடிவுக்கு வருகிறார்கள். இதை நான் வகுப்பறையிலும் பலமுறை கண்டிருக்கிறேன்.

சின்ன லூப்பர் 190 வெள்ளி, அடாப்டர் 35, கம்பி ஒன்று 25. ஆக 250 வெள்ளி. நாலு நாள் கூலிக்கும் கொஞ்சம் குறைவு. அவனுடைய கூடுதல் நேரச் சம்பளத்திலேயே முடிந்தது. அவன் கித்தாரில் கம்பி செருகும் துளை இருந்தது. பழைய ஸ்பீக்கரும் இருந்தது. சீட்டுப் பணம் சின்னவளின் கம்ப்யூட்டருக்கே போனது.

தங்கைக்கு ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. "அக்கா, இது அவனை இன்னும் தனியாளா ஆக்கிடாதா? முன்னே நாலு பேரோட இருந்தான், இப்ப பெட்டியோட இருக்கான்" என்றாள். தாயின் கேள்வி நியாயமானது. நான் அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பெட்டி நண்பனாகாது. அது நம்மைப் பார்த்துச் சிரிக்காது. நாம் சோர்ந்தால் வேகத்தைக் குறைத்துக்கொடுக்காது. புதிதாக ஒரு சங்கதியும் போடாது. ஆனால் கூட ஆள் வரும்வரை கையும் காதும் துருப்பிடிக்காமல் அது காத்து வைக்கும். இதை மனத்தில் வைத்துத்தான் மகனிடம் இன்னொன்றும் சொன்னேன்: வாரத்தில் ஒரு நாள் பெட்டியை மூடிவிட்டு, ஒரு மனிதனோடு வாசிக்க வேண்டும். கீழ்மாடியில் உறுமி அடிக்கும் பையன் ஒருவன் இருக்கிறானாம். இப்போது ஞாயிறு மாலைகளில் அவன் மேலே வருகிறான். சிங்கப்பூரில் இருக்கும் தபேலாக்காரனும் தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது ஒரு மாலை முழுவதும் அவர்களோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனான். இவன் தாளம் முன்னைவிட நிலையாக இருக்கிறது என்று அவனே சொன்னானாம்.

வாசகர்களே, கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை ஒரு மாதம் கைப்பேசியோடு பழகினானா? அவன் கித்தாரில் கம்பி செருகும் துளை இருக்கிறதா? ஒலி கேட்க ஸ்பீக்கர் இருக்கிறதா? அவன் பழகவா, மேடைக்கா? கடைசி அடுக்கை மட்டும் நீக்க முடியுமா? அடாப்டர் 9 வோல்ட்தானா, நடுவில் கழித்தல் குறிதானா? கம்பியும் அடாப்டரும் சேர்த்து மொத்தம் எத்தனை நாள் கூலி? இந்த ஏழுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது; வீட்டுப் பணமும் வீணாகாது.

பெட்டி வீட்டுக்கு வந்தபின் இன்னொரு வேலை பெற்றோருக்கு இருக்கிறது. அது காசில்லாத வேலை. வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்காரும்போது, "எங்கே, இன்னிக்குப் பதிஞ்சதைப் போடு, கேப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி வாசிக்கும். உட்கார்ந்து கேட்க மட்டும் அதற்குத் தெரியாது.